ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் பேராயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான பேராயர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல, தமிழ்க் கிறிஸ்தவள். ஆனால் உங்கள் சபை பிறந்த கதை என் விசுவாசத்துக்குப் பலம் தந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸை, இங்கே மண்டியிடக் கூடாது என்று வெள்ளையர்கள் பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியட்டும் என்று அவர் கெஞ்சியும் விடவில்லை. அன்று உங்கள் ஸ்தாபகர் ரிச்சர்ட் ஆலனும் மற்ற கறுப்பினத்தவர்களும் வெளியேறியதன் தொடர்ச்சியாகத்தான் 1816இல் உங்கள் சபை உருவானது. அந்த உரிமையில் கேட்கிறேன்: கறுப்பினத் திருநங்கைகளையும் திருநம்பிகளையும் ஊழியத்துக்கு வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

2021இல் ஆர்லாண்டோவில் கூடிய உங்கள் பொதுமாநாடு தற்பாலினத் திருமணத் தடையை நீக்க மறுத்தது. கூடவே, இந்த விஷயங்களை ஆராய ஒரு குழுவுக்கும் வழி செய்தது. ஆராய்வது நல்லதுதான். ஆனால் திருநரின், அதாவது திருநங்கைகள், திருநம்பிகளின் ஊழியத்தைத் திருமணக் கேள்வியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: தேவன் இவரை அழைத்திருக்கிறாரா?

இதற்கு விடை காணும் வழி உங்கள் வரலாற்றிலேயே இருக்கிறது. பிரசங்கிக்கத் தனக்கு அழைப்பு உண்டு என்று ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் ஆலனிடம் வந்து சொன்னபோது, பெண் பிரசங்கிக்குச் சபை விதியில் இடமில்லை என்று அவர் அனுப்பிவிட்டார். சில வருடங்கள் கழித்து, பெத்தேல் ஆலயத்தில் ஒரு போதகர் வேதாகமத்தின் யோனா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துப் பாதியில் தடுமாறி நின்றார். ஜரீனா எழுந்து அதே வசனத்தில் பேசினார். நானும் யோனாவைப் போலத்தான், போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் தாமதித்தேன் என்றார். வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தோடு உட்கார்ந்தார். ஆலன் எழுந்தார். இந்தப் பெண்ணுக்கு அழைப்பு உண்டென்று இப்போது நம்புகிறேன் என்று சபை முன்பாகவே சொன்னார். காதால் கேட்டார், மனம் மாறினார்.

அப்படியும் ஜரீனா உயிரோடு இருந்தவரை குருப்பட்டம் பெறவில்லை. 2016இல்தான், மறைவுக்குப் பின் அதை அவருக்குக் கொடுத்தீர்கள். முதல் பெண் பேராயராக வஷ்டி மெக்கன்சியைத் தேர்ந்தெடுக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இன்றைக்கு அழைப்போடு வந்து நிற்பவர்களையும் இவ்வளவு காலம் காக்க வைக்கப் போகிறீர்களா?

அவர்கள் எங்கோ ஒளிந்திருக்கவில்லை. லூயிஸ் மிட்செல், லாரன்ஸ் ரிச்சர்ட்சன் என்ற இரு கறுப்பினத் திருநம்பிகள் ஐக்கிய கிறிஸ்து சபையில் குருமார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சபை அது. கார்மேரியன் ஆண்டர்சன் ஹார்வி என்ற திருநங்கை ஊழியர் டல்லாஸில் கறுப்பினத் திருநங்கைகளுக்காக அமைப்பு தொடங்கியவர். சான்பிரான்சிஸ்கோவில் 2001இல் திருநர் மட்டுமே பாடும் ஒரு காஸ்பல் (கறுப்பினச் சபைகளின் துதிப் பாடல்) பாடகர் குழு உருவானது. ஹார்மோன் எடுக்கும் திருநம்பியின் குரல் இறங்கிக்கொண்டே வரும். நேற்று எட்டிய ஸ்வரம் இன்று உடையும். பாட்டைப் புதிதாகக் கற்க வேண்டும். திருநங்கைக்கோ ஹார்மோனால் குரல் மாறாது. கட்டைக் குரலோடே பெண்ணாக நின்று பாட வேண்டும். அத்தனை சிரமத்தோடும் ஆண்டவரைத் துதிக்க வந்தவர்களின் பக்தியை யார் சந்தேகிக்க முடியும்?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அமெரிக்காவில் கொல்லப்படும் திருநரில் பெரும்பாலோர் கறுப்பினத் திருநங்கைகள். அவர்களில் சிலருக்குச் சவப்பெட்டியில் ஆணுடை உடுத்தி, விட்டுவிட்ட பழைய பெயரைச் சொல்லி அடக்க ஆராதனை நடக்கிறது. பெற்றோர் துக்கத்தில் செய்வதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். போதகர் அதற்குத் துணைபோகலாமா? அவள் வாழ்ந்த பெயரில் அவளை அடக்கம் செய்யும்படி உங்கள் போதகர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்கு மாநாட்டு வாக்கெடுப்பு எதற்கு? அடுத்த ஞாயிறே செய்யலாம்.

அப்புறம், 2028 பொதுமாநாட்டுக்கு இந்த ஊழியர்களை அழையுங்கள். அவர்களைப் பற்றிய அறிக்கையை வாசித்து முடித்துவிடாமல், பிரசங்க பீடத்தைக் கொடுத்து ஒரு முழுப் பிரசங்கம் கேளுங்கள். அதற்குப் பிறகு வாக்களியுங்கள்.

ஜெபத்தோடு,
உங்கள் சகோதரி