பதிவு எண்ணைப் பார்த்து ஊர் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் வந்தால் போதும், குன்னூரிலும் ஊட்டியிலும் பழம்பொருள் கடைகளில் எஸ்டேட் பங்களாக்களின் கண்ணாடிக் கிண்ணங்களும் கேக் தட்டுகளும் நிறைந்துவிடுகின்றன. அடியில் 'ஆர்.டி.' (Rd, அதாவது பதிவு) என்று ஓர் எண் தெரிந்தால் உடனே "அசல் இங்கிலாந்து" என்று சீட்டு ஒட்டுகிறார்கள். பட்லரின் மகளாக இப்பாத்திரங்களைத் துடைத்து அடுக்கி வளர்ந்தவள் நான். இதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

1884 முதல் வழங்கப்பட்ட அந்த எண், வடிவமைப்பு பிரிட்டனில் பதிவானதற்கான அடையாளம் மட்டுமே. அதைக் கொண்டு பதிந்தவரைக் கண்டுபிடிக்கலாம். எந்த உலையில் வார்த்தார்கள் என்பது அதில் இல்லை. என் தந்தை பணிசெய்த பங்களாவின் டம்ளர்களில் 702446 என்று இருந்தது. 'ஜேக்கபியன்' என்னும் அந்த வடிவத்தை 1923-இல் பதிந்தது கிளேட்டன் மேயர்ஸ் என்ற லண்டன் வணிக நிறுவனம். செய்ததோ செக்கோஸ்லோவாக்கியாவின் இன்வால்ட் ஆலை!

செய்தவரைச் சொல்லும் முத்திரை வேறு. மயில் தலை என்றால் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரிலிருந்த சவர்பி ஆலை. கோட்டை மதிலிலிருந்து எழும் சிங்கம் அதே ஊரின் டேவிட்சன். கோடரி ஏந்திய சிங்கம் சண்டர்லாந்தின் கிரீனர். சிங்கத்தைக் கண்டதும் பெயர் சொல்லிவிடாமல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கண்ணாடியை வார்க்கும் அச்சு தேயத் தேய முத்திரையும் மங்கிவிடும். 1842 முதல் 1883 வரையிலான சாய்சதுர முத்திரையில் உச்சி வட்டத்தில் ரோமன் எண் மூன்று (III) இருந்தால் கண்ணாடி வகை என்று பொருள். அதுவும் பதிவு முத்திரையே, செய்தவரின் முத்திரை அல்ல.

புறஊதாக்கதிர் விளக்கில் பச்சையாக ஒளிர்வதைக் காட்டியும் சிலர் ஆலைப் பெயர் சொல்கிறார்கள். யுரேனியம் கலந்த கண்ணாடியைப் பல நாடுகளில் பல ஆலைகள் செய்தன.

முத்திரையே இல்லாதவைதான் மிகுதி. அவற்றுக்கு ஆலைகளின் பழைய விற்பனைப் பட்டியல்களோடு வடிவம், அளவு, அடியிலுள்ள நட்சத்திரக் கதிர்கள் வரை ஒப்பிட வேண்டும். அப்போதும் அவசரம் கூடாது: ஜெர்மனியின் பிராக்விட்ஸ் ஆலையின் வடிவங்களைப் பின்லாந்திலும் வார்த்திருக்கிறார்கள்.

கடைக்காரர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்: உறுதியாகத் தெரியாவிட்டால் "செய்தவர் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். எந்த பங்களாவிலிருந்து வந்தது என்பதையும் மறவாமல் குறித்துவையுங்கள். அந்த பங்களாவின் பழைய சாமான் பட்டியலோ ரசீதோ பின்னாளில் கிடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

இப்படிக்கு,
குன்னூர் வாசகி