கலப்பற்று உளியைத் தந்த பெரியவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம், படகுப் பலகைகளின் இடுக்கில் திரியை அடித்து நீர் புகாமல் அடைக்கும் உங்கள் கலப்பற்று உளியையும் மரச்சுத்தியலையும் எங்கள் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது, "இதைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் பார்க்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்று கேட்டீர்கள். நன்கொடைப் படிவத்தில் கையொப்பம் வாங்கும் அவசரத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கடல் தொழிலின் கருவிகளை வீட்டுப் பரணில் வைத்திருக்கும் பலருக்கும் இந்த ஐயம் இருக்கும் என்பதால் இக்கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

பொருளைக் காப்பதே எங்கள் வேலையில் பெரும்பகுதி. கடலடியிலிருந்து எடுத்த இரும்பில் உப்பு ஊறியிருக்கும். அப்படியே உலரவிட்டால் அடுக்கடுக்காக உதிர்ந்துவிடும் என்பதால், காரக் கரைசலில் மாதக்கணக்கில், பீரங்கி போன்றவற்றை ஆண்டுக்கணக்கில், ஊறவைக்க வேண்டும். 1628இல் தன் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961இல் மேலே கொண்டுவரப்பட்ட சுவீடனின் வாசா கப்பலின் மரம் சுருங்கிப் பிளக்காமல் இருக்க, அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். எங்களைப் போன்ற சிறிய இடத்தில் அத்தகைய வசதி ஏது? வாரந்தோறும் வந்து தூசி தட்டி, எண்ணிட்டு, பதிவேடு எழுதும் தன்னார்வலர்களே எங்கள் வசதி.

ஆனால் பொருள் பிழைத்தும் அதன் செய்தி தொலைந்துபோகலாம். நியூசிலாந்தில் 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மறைபரப்பாளர், மாவோரி மக்கள் சமையல் பாத்திரமாகப் பயன்படுத்திவந்த உடைந்த வெண்கல மணி ஒன்றைக் கண்டார். அதன் விளிம்பில் இருந்தவை தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அவை சொல்கின்றன. இன்று அது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் அந்த ஒரு வரி நமக்குக் கிடைத்தது. அந்தக் கப்பல் எங்கே போனது, மணி எப்படி அவ்வளவு தொலைவு சென்றது என்பதைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. அந்த மணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் உளியின் நினைவும் வருகிறது.

ஐயா, எங்கள் கூடத்தில் நிற்கும் பழைய மரப்படகு காற்றில் உலர்ந்து, பலகைகளுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கிறது. அதைச் சீர்செய்ய முன்வந்த இளைஞர்களுக்கு ஏரா எனும் அடிமரம் எது, வங்கு எனும் விலாமரம் எது, அணியம் எனும் முன்பகுதி எது என்று படம் பார்த்துச் சொல்லத் தெரியும். ஆனால், இடுக்கில் திரியை எவ்வளவு இறுக்கி அடிக்க வேண்டும், எந்த இடத்தில் கையைத் தளர்த்த வேண்டும் என்பதைப் படம் சொல்லித் தராது. சுத்தியலின் ஓசை மாறுவதைக் கேட்டே இடுக்கு நிறைந்துவிட்டதை அறிவேன் என்று அன்று போகிற போக்கில் சொன்னீர்கள். அந்த ஓசையை அவர்கள் உங்கள் அருகில் நின்று கேட்க வேண்டும். நாங்கள் அதை ஒலிப்பதிவும் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, உங்கள் உளியை இன்னும் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் உங்களால் வர முடியுமானால் அழைத்துவர ஆள் அனுப்புகிறேன். நீங்கள் உட்கார்ந்தபடியே சொல்லலாம், அடிப்பதற்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் உங்கள் பெயரும் பொருளின் அளவும் எழுதியாயிற்று. "பயன்படுத்தும் முறை" என்ற இடத்தை மட்டும் உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பதிவேட்டுப் பொறுப்பாளர்