யூரியா தூவினால் மட்டும் தாள் மட்கிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுவை நெல் அறுவடை முடிந்த வயலில் தாளை, அதாவது அறுத்த பயிரின் அடித்தட்டையை, கொளுத்த வேண்டாம், யூரியாவைத் தூவிவிட்டால் தானாக மட்கிவிடும் என்று சென்ற வார விவசாயப் பக்கத்தில் படித்தேன். கொளுத்தக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கொளுத்தினால் வைக்கோலில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன், யூரியாவில் இருப்பதும் அதுதான்) அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். ஒரு டன் வைக்கோலை மண்ணுக்கே கொடுத்தால் பொட்டாஷ் உரம் மட்டும் அரை மூட்டைக்குக் குறையாமல் திரும்ப வரும். பொட்டாஷ் விற்கிற விலையில் அதை வீணாக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் எவ்வளவு தூவுவது, எப்போது தூவுவது, அப்போது வயலில் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்லாமல் விட்டது சரியில்லை. நீடாமங்கலம் பக்கம் ஒரு வேலி (ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர்) நிலத்தில் குறுவையும், அதை அறுத்த கையோடு தாளடி நெல்லும் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆள் வைத்து அறுத்த காலத்தில் அடியோடு அறுத்தார்கள். வைக்கோல் களத்துக்கும் போருக்கும் போய்விடும். இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் முழங்கால் உயரத்துக்குத் தாளை நிறுத்திவிட்டு, மிச்சத்தை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. சம்பா வைக்கோல் என்றால் கட்டு கட்டி லாரியில் கேரளாவுக்கு ஏற்றிவிடலாம். குறுவை வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துக் கிடக்கும். கட்டுகிற வண்டிக்காரர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஊரில் மாடும் குறைந்துவிட்டது. ஆக மொத்தமும் வயலில்தான். அதன் மேலேயே உடனடியாகத் தாளடி நட்டாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிச்சத்து (கார்பன்) இருக்கிறது. அதைத் தின்று மட்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கோ 24 பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் இல்லாத குறையை அவை மண்ணிலிருந்து கைமாற்றாக எடுத்துக்கொள்கின்றன. திருப்பித் தரும், ஆனால் வைக்கோலைத் தின்று முடித்த பிறகுதான். அதற்குள் நட்ட பயிர் பட்டினி கிடக்கும். உளுந்துச் செடியை மடக்கி உழுதால் இந்தத் தொல்லை இல்லை. அதில் தழைச்சத்து நிறைய இருப்பதால் சீக்கிரம் மட்கிவிடும்.

இந்தப் பட்டினிதான் நட்ட இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. பார்த்த உடனே ஆளாளுக்கு யூரியாவை எறிகிறார்கள். பச்சை கட்டவில்லை என்று மறுபடியும் எறிகிறார்கள். நுண்ணுயிர்கள் கைமாற்றைத் திருப்பித் தரும் நேரம் வந்ததும், எறிந்த யூரியாவும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்து பயிர் கருகருவென்று ஏறும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் பூச்சி வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயிர் சாய்ந்தும் போகும். கடைசியில் பழி விதையின் மேல் விழும்.

எல்லா மஞ்சளும் தழைச்சத்துக் குறைவால் வருவதும் இல்லை. தாளை மடக்கின வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால், உள்ளே இறங்கி நடக்கும்போது காலடியில் குமிழ் குமிழாகக் கிளம்பும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு நெல் குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேர் இருக்காது. பழுப்பும் கறுப்புமாக, குட்டையாக இருக்கும். காற்று இல்லாமல் தாள் அழுகுவதால் வருகிற அமிலமும் வாயுவும் வேரைச் சுட்டுவிடுகின்றன. அந்த வேரால் எதையும் உறிஞ்ச முடியாது. அதற்கு மேல் யூரியா போட்டு என்ன பிரயோஜனம்? தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிகிற வரை காயவிட்டு, அப்புறம் பாய்ச்ச வேண்டும். புதுவேர் வெள்ளையாக எட்டிப் பார்த்த பிறகுதான் மேலுரம், அதாவது நட்ட பிறகு தூவுகிற உரம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. முந்தின பயிரின் தாளை மடக்கி முதல் சேற்றுழவு ஓட்டும்போது ஹெக்டேருக்கு 22 கிலோ யூரியா. அதுவும் நடவுக்குக் குறைந்தது 10 நாள் முன்னால். எங்கள் கணக்கில் மாவுக்கு (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 3 கிலோ, அவ்வளவுதான். மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் சொன்னபடி காய்ந்த தாளின் மேல் தூவிவிட்டு உழவு வண்டிக்காகக் காத்திருந்தால் நிறைய ஆவியாகப் போய்விடும். வைக்கோலிலேயே யூரியாவைச் சிதைக்கிற நொதி இருக்கிறது. தூவின கையோடு டிராக்டரில் ரோட்டவேட்டரையோ கேஜ் வீலையோ மாட்டி ஓட்டி மண்ணுக்குள் தள்ள வேண்டும்.

யூரியாவை விட முக்கியம் அந்த 10 நாள்தான் என்பேன். அது எங்களுக்குக் கிடைப்பதில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வந்த தண்ணீரை விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. நாற்று வயது ஏறுகிறது, மழை நெருங்குகிறது, நடவு ஆட்கள் இன்றைக்கு விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். காலையில் உழுது மாலையில் நடுகிற வயல்களை எங்கள் வாய்க்கால் ஓரம் எத்தனை வேண்டுமானாலும் காட்டுவேன். அப்படி நட்டே ஆக வேண்டும் என்றால் வண்டி கொட்டின வைக்கோலையாவது வரப்போரம் ஒதுக்கிவிட்டு, நிற்கிற தாளை மட்டும் மடக்குவது மேல். ஒதுக்கின வைக்கோலைக் குப்பைக்குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்தால் அடுத்த வருஷத்துக்கு எருவாகும். மேலுரத்தை நாள் பார்த்துப் போடாமல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போட வேண்டும். அட்டை விலை அதிகமில்லை, வைத்திருக்கிறவர்கள்தான் குறைவு.

இன்னொன்று. குறுவை அறுக்கிற நேரத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா கேட்டால், நடவு முடிந்த பிறகுதான் லோடு வரும் என்கிறார்கள். தனியார் கடைக்குப் போனால் 266 ரூபாய் 50 காசு மூட்டையோடு, தாளை ஒரே வாரத்தில் கரைக்கும் என்று ஒரு பாட்டிலையும் தலையில் கட்டுகிறார்கள். பாட்டில் வேண்டாம் என்றால் யூரியாவும் இல்லை. மாவுக்கு 3 கிலோ என்பது பெரிய ஒதுக்கீடு இல்லை. அறுவடை தொடங்கும் முன்னாலேயே சங்கங்களில் இறக்கி வைக்கலாம். முறைத் தண்ணீர்த் தேதியையும் நாற்றங்கால் விடுவதற்கு முன்பே அறிவித்தால் 10 நாள் இடைவெளி விட்டு நாற்றைத் தயார் செய்துகொள்வோம்.

விவசாயப் பக்கத்தில் அடுத்து எழுதும்போது 22 கிலோ, 10 நாள் என்ற இரண்டு எண்களையும் கட்டம் போட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாளடி விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.