துத்தநாகப் பரிசோதனைக்கு வந்த தவறான டியூப்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்: ரத்தநாள நோய்ப் பிரிவு ஆய்வகப் பணியாளர்கள், பாளையங்கோட்டை.

பெறுநர்: மேலாளர், பரிசோதனை ஆய்வகம்.

ஐயா,

கால் தமனி அடைப்பு, இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) துத்தநாகம், செம்பு, செலினியம் பார்க்க உங்களிடம் மாதிரி அனுப்புகிறோம். இப்படி மிகக் குறைந்த அளவில் இருக்கும் நுண்தனிமங்களுக்கென்றே உள்ள கருநீல மூடி டியூப்களுக்குத்தான் பணம் கட்டினோம். வந்தவை சாதாரணச் சிவப்பு மூடி டியூப்கள். கேட்டால், "ரெண்டுலயும் சீரம்தானே சார் வருது" என்கிறார் உங்கள் பிரதிநிதி.

சாதாரண ரப்பர் மூடியிலேயே துத்தநாகம் உண்டு. ரத்தம் அதில் பட்டுக் கிடக்கும் நேரம் கூடக்கூட, அது கசிந்து இறங்கும். சீரத்தில் இயல்பு அளவே டெசிலிட்டருக்குச் சுமார் 70 முதல் 120 மைக்ரோகிராம்தான். 60 இருப்பவருக்கு 'நார்மல்' என்று அறிக்கை வர, மூடியின் கசிவே போதும்.

அம்பாசமுத்திரம், வள்ளியூர் சேகரிப்பு மையங்களில் எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்காமலே மதிய வெயிலில் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறீர்கள். சிவப்பணுவுக்குள் இருக்கும் துத்தநாகம் சீரத்தில் உள்ளதைப் போலப் பல மடங்கு. சிவப்பணு உடைந்தால் அத்தனையும் சீரத்தில் கலக்கும். இளஞ்சிவப்பாகிப்போன சீரத்துக்கும் ஒரு குறிப்புகூட இல்லாமல் எண் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

"செம்பு சரியாகத்தானே வருகிறது" என்ற உங்கள் பதில் செல்லாது. சிவப்பணுவிலும் சீரத்திலும் செம்பின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் அணு உடைந்தாலும் செம்பு பெரிதாக மாறாது. இந்த நோயாளிகளுக்கு மருத்துவர் பார்ப்பது செம்பு–துத்தநாக விகிதத்தை. உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் கூடிச் செம்பு ஏறும், துத்தநாகம் இறங்கும், விகிதம் உயரும். வெளியிலிருந்து கலந்த துத்தநாகம் அந்த விகிதத்தைத் தாழ்த்தி, அழற்சியையே மறைத்துவிடுகிறது.

கருநீல மூடி டியூப்களை, அந்தந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான உலோக அளவுச் சான்றோடு அனுப்புங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டால் துத்தநாகம் குறையும். 2 மணி நேரத்துக்குள் அந்தந்த மையத்திலேயே சென்ட்ரிபியூஜ் கருவியில் சுழற்றிப் பிரித்து, சீரத்தை உலோகக் கலப்பில்லாத பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்ற வேண்டும். உறைகட்டியைக் குச்சியால் கிளறக் கூடாது. எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டும் அறிக்கையில் வர வேண்டும். சிவந்த சீரத்தை நிராகரியுங்கள்.

சிவப்பு மூடி டியூபில் எடுத்த எல்லோருக்கும் கட்டணமின்றிப் புதிதாக ரத்தம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பழைய சீரத்தையே மறுபடி ஓட்டி அனுப்பாதீர்கள். கலந்துவிட்ட துத்தநாகத்தைக் கழித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் ஆகாது. 7 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர்கள்