செல்விக்கு, பத்திரச் செலவு பற்றி

அன்புள்ள செல்வி,

எல்லோரும் நலம். போனில் பிடித்தால் பேச்சு வரதா டீச்சர் பக்கம் ஓடிவிடும், அதனால்தான் கடிதம். ஸ்ரீரங்கத்தில் வீடு முடித்துவிட்டோம்! பழைய வீடுதான், 40 லட்சம், என் பெயரில் பதிவாகிவிட்டது.

நீ இருக்கிற வீட்டை விற்றுவிட்டு வடவள்ளியில் பெரிதாக வாங்கப்போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் இதைப் படி. பத்திரத்துக்காக அரசுக்குக் கட்டும் வரியான முத்திரைத் தீர்வை விலையில் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்களுக்கு அது 3,60,000 ரூபாய். வங்கி 32 லட்சம் கொடுத்தது. கடன் வரம்புக்கு வீட்டு விலையைத்தான் பார்ப்பார்கள், பத்திரச் செலவைச் சேர்க்க மாட்டார்கள். மீதி 8 லட்சத்தைச் சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்தோம். வரிக்கு? அம்மா போட்ட ஆரமும் நாலு வளையலும் அடகுக்குப் போயின. குடிபோவதற்கு முன்பே இரண்டு இடத்தில் வட்டி.

"வழிகாட்டி மதிப்பு 24 லட்சம்தான் வருது, அதுக்கே எழுதிடலாம்க்கா, மிச்சத்தைக் கையில கொடுங்க" என்றார் தரகர். வழிகாட்டி மதிப்பு என்பது அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை. வரியில் 1,44,000 மிச்சம் என்றதும் என் வீட்டுக்காரருக்குச் சபலம். நான் ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். பத்திரத்தில் 24 என்றால் கடனும் அதற்குத்தான். 16 லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவது? நாளைக்கு விற்றால் அந்த 16-ம் லாபக் கணக்கில் ஏறும். அந்தப் பணத்தை ரொக்கமாகக் கையில் வாங்கும் விற்பவருக்கு வருமான வரித்துறை அபராதம் வேறு.

எனக்கு ஆறாதது இதுதான். 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு பழையபடி ஏறியது, கட்டணமோ பழைய 1-க்கு இறங்காமல் 2-ல் நின்றுவிட்டது. அதே வருஷம் டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, மொத்தமே 6 சதவீதம். பழைய வீடு வாங்குகிற நாங்கள் மட்டும் ஏன் 1,20,000 கூடுதலாகக் கட்ட வேண்டும்? பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. அதுவும் 10 லட்சம் வரைதான். டவுனுக்குள் அந்த விலைக்கு வீடு எங்கே இருக்கிறது, சொல். மகாராஷ்டிராவில் பெண்கள் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையிலேயே 1 சதவீதம் குறைக்கிறார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டை வாங்குகிறவர் இந்த 9 சதவீதத்தை மனசில் வைத்துத்தான் விலை கேட்பார். அடுத்து நீ வாங்கும்போது உன் பங்குக்கு மறுபடியும் 9. இரண்டு பக்கமும் அடி உனக்குத்தான். பேசாமல் மாடியில் இரண்டு அறை எடு. உன் சொந்த வீட்டில் கட்டுவதற்குக் கிரயமும் இல்லை, பத்திரமும் இல்லை. அண்ணன் முணுமுணுப்பார், வழக்கம்தானே. மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது, அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதே.

அப்புறம், தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். முந்தின நாளே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
மல்லிகா