துடிக்கிற கர்சரை எடுக்காதே

வடசேரி,
நாகர்கோவில்

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்கு மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே சாரல் விட்டபாடில்லை. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் அத்தான் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சாஃப்ட்வேரில், வாசிக்க மட்டும் முடிகிற, மாற்ற முடியாத ‘ரீட் ஒன்லி’ பெட்டியில் கர்சர் கோடு துடிக்கிறது, டைப் பண்ணினால் எழுத்து விழவில்லை, ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று கஸ்டமர் போன் பண்ணுகிறார்கள். அதனால் கர்சரையே தூக்கிவிடலாம் என்கிறது உன் டீம். தூக்காதே மக்கா.

சர்க்கரையில் அத்தானுக்குப் பார்வை போனபிறகு எல்லாமே என்விடிஏ வைத்துத்தான். மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-ல் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர் அது, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசித்துச் சொல்லும்; காசு கிடையாது. அன்றைக்கு நிலத்து விவரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியில் சர்வே நம்பர், 245/3பி. மொத்தமாக வாசிக்கவிட்டால் கடகடவென்று ஓடிவிடும், கடைசியில் பி-யா டி-யா என்று பிடிபடாது. வலது அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார். கர்சர் நிற்கிற எழுத்தை மட்டும் அது சொல்லும். கடைசி எழுத்தில் கொஞ்சம் தாமதித்தார், ‘பிராவோ’ என்றது. பி-க்கு அடையாளச் சொல் அது. பி-தான். பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்பைத் தட்டி, அந்த நம்பரை மட்டும் காப்பி எடுத்து வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவருக்குக் கர்சர் என்பது வரியில் விரல் வைத்து வாசிக்கிற மாதிரி. எழுத முடியாத இடத்திலும் வாசிக்கணுமே!

விண்டோஸின் சாதாரணப் பெட்டியில் ரீட் ஒன்லி போட்டாலும் கர்சர் இருக்கும். அழகுக்காக நீங்களே வரைகிற பெட்டிகளில்தான் வில்லங்கம், அம்பு தட்டினால் ஒன்றும் நகராது. டிசேபிள் பண்ணி முடக்கிவிட்டாலோ இன்னும் மோசம்: அடுத்த பெட்டிக்குப் போக டேப் கீயை அடித்தால் பெட்டியையே தாண்டிப் போய்விடும். அரைப்பார்வை உள்ளவர்கள் பாடும் திண்டாட்டம்தான். மேக்னிஃபையரில் பெரிதாக்கிப் பார்க்கும்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டுவதே கர்சர்தான்.

கஸ்டமர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதற்குப் பெட்டியின் பின்னணியை மாற்று. யாராவது டைப் பண்ணினால் ‘இதை மாற்ற முடியாது’ என்று ஒரு வரி வரட்டும். எழுத்தை மட்டும் சாம்பல் பூசி மங்கடிக்காதே. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வித்தியாசம் கேட்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது எல்லோரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டு விதிகள். முடக்கிப்போட்ட பெட்டிக்கு அதில் விலக்கு உண்டு, வாசிக்க வைத்த பெட்டிக்கு இல்லை. டிசைனர்மார் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள், என்ன செய்ய!

ஆடி அமாவாசைக்கு வருவாய் அல்லவா? லேப்டாப்பையும் கொண்டு வா. அத்தான் டேப் அடித்து உன் சாஃப்ட்வேரில் ஒரு சுற்று வரட்டும். அவர் திட்டுவதை ரெக்கார்டு பண்ணி உன் டீமுக்குப் போட்டுக்காட்டு.

அன்புடன்,
உன் வடசேரிக்காரன்