மாநகர சபைத் தொழிலாளரையும் நினைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாண மாநகர சபையின் போர்க்காலத்தைப் பேசும்போது, 1998இல் கொல்லப்பட்ட மேயர்கள் சரோஜினி யோகேஸ்வரனையும் பொன். சிவபாலனையும் நினைவுகூருகிறோம். நினைக்கத்தான் வேண்டும். அம்மையார் மே மாதம் தன் வீட்டில் சுடப்பட்டார். செப்டெம்பரில் கூட்டம் நடக்கும்போதே குண்டு வெடித்து சிவபாலன் இறந்தார்.

ஆனால் 1990இல் மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பஞ்சுத்திரி வைத்து நாங்கள் இருந்த காலத்திலும், எங்கள் ஒழுங்கையில் குப்பை வண்டிலின் சத்தம் கேட்டது. அதைத் தள்ளி வருபவர் ஒருநாள் சில்லுக்குப் பூச எண்ணெய் கேட்டார். அம்மாவிடம் அரைக் கரண்டி தேங்காயெண்ணெய்தான் இருந்தது, கொடுத்தார். முதல் நாள் ஷெல் விழுந்து சிதறிய ஓடுகளை அள்ளியவரும் அவர்தான். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இவரைப் போல அக்காலத்தில் வேலைசெய்த சபைத் தொழிலாளரில் எஞ்சியிருப்போரைச் சபை தேடிப்பிடித்து, பெயரையும் அனுபவத்தையும் பதிவுசெய்து பொது நூலகத்தில் வைக்க வேண்டும். பழைய பதிவேடுகள் இல்லாவிட்டால் என்ன, ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டால் மூத்தவர்கள் சொல்வார்கள். இந்த வருடமே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நல்லூர்